அமெரிக்கப் பாஸ்போர்ட்டுடன் ஐரோப்பாவில் நீண்ட நாள் தங்குவது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

நியூஜெர்சி மாநிலத்தின் எடிசனில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியர்களுக்கான ஓசிஐ அட்டைக்காகவும் இந்திய விசாவுக்காகவும் வருவோரே முன்பெல்லாம் மிகுதி. அண்மைக் காலமாக, அமெரிக்கக் குடியுரிமை பெற்று, வேலையிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்ட பலர், ஸ்பெயினிலோ போர்ச்சுகலிலோ சில ஆண்டுகள் வாழ்ந்து பார்க்க என்னென்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். தொலைபேசியில் ஆளுக்கு ஒரு பகுதியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் எழுத்தில் தருவது நல்லது என்று இம்மடலை எழுதுகிறோம்.

அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தால் விசா இல்லாமலே ஐரோப்பாவுக்குப் போகலாம் என்பது உண்மை. ஆனால் அது சுற்றுலாவுக்கான வசதி. ஷெங்கன் நாடுகள் (தமக்குள் எல்லைச் சோதனையின்றிப் பொது விசா முறையை வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகள்) அனைத்துக்கும் சேர்த்து, எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது. பாரிசில் இருபது நாள் இருந்துவிட்டு லிஸ்பனுக்குப் போனால் கணக்கு புதிதாகத் தொடங்காது. 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் பதியும் முறை தொடங்கிவிட்டதால், பாஸ்போர்ட்டில் முத்திரை மங்கலாக விழுந்ததை நம்பிக் கூடுதலாகத் தங்கலாம் என்ற பழைய துணிச்சல் இனி உதவாது. அங்கே போய்ச் சேர்ந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல், நீண்ட நாள் விசாவை இங்கிருக்கும்போதே, நீங்கள் வசிக்கும் மாநிலத்துக்குரிய துணைத் தூதரகத்தின் வழியாகப் பெற்றுவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஓய்வு பெற்றவர்களுக்கு ஸ்பெயினில் பொருந்துவது, வேலை செய்யாமல் சொந்த வருமானத்தில் வாழ்வோருக்கான விசா. அந்நாட்டு அரசு ஐப்ரெம் என்ற அடிப்படைத் தொகையை வைத்துக் கணக்கிடுகிறது. 2025இல் அது மாதம் 600 யூரோ. விண்ணப்பிப்பவர் அதன் நான்கு மடங்கை, அதாவது ஆண்டுக்கு 28,800 யூரோவையும், உடன் வரும் ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 7,200 யூரோவையும் காட்ட வேண்டும். ஸ்பெயினில் செயல்பட அனுமதி பெற்ற காப்பீட்டு நிறுவனத்தின் முழு மருத்துவக் காப்பீடு தேவை. பயணக் காப்பீட்டை ஏற்பதில்லை. இந்த விசாவில் அமெரிக்க நிறுவனத்துக்கு மடிக்கணினியில் வேலை பார்ப்பதற்கும் இடமில்லை. அப்படி வேலை பார்ப்போருக்கு 2023 முதல் தனி விசா இருக்கிறது. வீடு வாங்கினால் வசிப்பு அனுமதி கிடைத்த திட்டம் 2025 ஏப்ரல் 3ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்னும் அதைச் சொல்லி மனை விற்பவர்களிடம் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

போர்ச்சுகலில் இதற்கு இணையான டி7 என்ற விசாவுக்கு ஓய்வூதியம், வாடகை போன்ற நிலையான வருமானம் போதும். அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியமே அளவுகோல் (2025இல் மாதம் 870 யூரோ). மனைவிக்கோ கணவருக்கோ அதில் பாதி சேரும். நியூஜெர்சிவாசிகளுக்கு நூவர்க்கிலேயே போர்ச்சுகல் துணைத் தூதரகம் இருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் விசா நான்கு மாதத்துக்கு மட்டுமே செல்லும். அதற்குள் அங்கே சென்று, ஐமா எனப்படும் குடிவரவு முகமையில் நேரில் கைரேகை கொடுத்து, வசிப்பு அட்டையைப் பெற வேண்டும். 2023 அக்டோபரில் தொடங்கப்பட்ட அந்த முகமை, பழைய துறையின் கோப்புத் தேக்கத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது; ஆதலால் அட்டை கைக்கு வரும்வரை பொறுமை தேவைப்படும்.

இனி, விண்ணப்பங்கள் பெரும்பாலும் எங்கே தடைபடுகின்றன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். பணத்தைக் காட்டுவதில் சிக்கல் குறைவு. சிக்கல் எல்லாம் காகிதங்களின் வரிசையிலும் தேதியிலும்தான். அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ தரும் குற்றப் பின்னணிச் சான்று கூட்டாட்சி அரசின் ஆவணம் என்பதால், அதற்கு அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாடுகள் ஏற்கும் சான்று) வழங்கும் அதிகாரம் வாஷிங்டனில் உள்ள வெளியுறவுத் துறைக்கே உண்டு. நியூஜெர்சியின் தலைநகரான டிரென்டனில் உள்ள மாநில அலுவலகத்தில் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாறாக, நியூஜெர்சியில் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கு அப்போஸ்டிலை டிரென்டனில்தான் பெற வேண்டும். ஸ்பெயினுக்கு மருத்துவச் சான்று மூன்று மாதத்துக்குள்ளும், எஃப்பிஐ சான்று ஆறு மாதத்துக்குள்ளும் பெற்றதாக இருப்பது நல்லது. தூதரகத்தில் நேரம் கிடைக்கும் முன்பே எல்லாவற்றையும் ஆர்வத்தோடு வாங்கி அடுக்கி வைத்தால், போகும் நாளில் பாதி காலாவதியாகியிருக்கும்.

நம்மவர்களுக்கு இதோடு இன்னொரு தலைவலியும் உண்டு. தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த திருமணச் சான்றிதழில் கணவர் பெயர் ஒற்றை எழுத்து இனிஷியலோடு இருக்கும். அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் தந்தையின் முழுப்பெயராக விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் அமர்ந்திருக்கும். பிள்ளைகளுக்கோ இவர் பெயரே குடும்பப் பெயர். மாட்ரிட்டில் கோப்பைப் பார்ப்பவருக்கு இது மூன்று வெவ்வேறு குடும்பம்! இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழி எழுதி, அதற்கும் மாநில அப்போஸ்டில் பெற்று இணைப்பதே நாங்கள் பரிந்துரைக்கும் வழி. திருமணச் சான்றிதழுக்கான அப்போஸ்டிலை இந்திய வெளியுறவு அமைச்சகம் மட்டுமே தரும். நியூயார்க்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அது கிடைக்காது. ஊரில் உறவினர் ஒருவர் தமிழக அரசின் சான்றொப்பத்தை முதலில் வாங்கி, பிறகு அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால் இந்த வேலையை முதலில் தொடங்குங்கள்.

நாட்டை விட்டுச் சென்றாலும் அமெரிக்க வரிக்கணக்கு தொடரும். வெளிநாட்டில் ஈட்டும் சம்பளத்துக்கு 2025ஆம் ஆண்டுக்கு 1,30,000 டாலர் வரை விலக்கு உண்டு. ஓய்வூதியத்துக்கும் வட்டிக்கும் அது பொருந்தாது. வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒருநாளேனும் 10,000 டாலரைத் தாண்டினால் அக்கணக்குகளை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் எஃப்பார் படிவம் தாக்கல் செய்தாக வேண்டும். இந்தியாவில் உள்ள கணக்குகளும் இதில் அடங்கும். முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பொதுவாக வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. அதற்காக அதில் மருத்துவர் கட்டணத்துக்கான பி பகுதியை நிறுத்திவிட்டுப் பிறகு மீண்டும் சேர்ந்தால், விட்டுப்போன ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் பிரீமியம் பத்து விழுக்காடு கூடக்கூடும் என்பதால், திரும்பி வரும் எண்ணம் உள்ளவர்கள் அதை நிறுத்தாமல் இருப்பதே எங்கள் கருத்தில் சரி.

குடியுரிமை பெறாமல் கிரீன் கார்டு (நிரந்தர வசிப்பு அட்டை) மட்டும் வைத்திருப்பவர்கள் இம்மடலைத் தங்களுக்கானதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் ஐரோப்பாவுக்குச் சுற்றுலா செல்லவும் இந்தியப் பாஸ்போர்ட்டில் விசா வேண்டும். ஓராண்டுக்கு மேல் வெளியே தங்குவதாக இருந்தால், புறப்படும் முன்பே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

நாங்கள் ஆவணங்களைத் திரட்டி ஒழுங்குபடுத்தித் தருபவர்கள். வழக்கறிஞர்களோ வரி ஆலோசகர்களோ அல்லர். தொகைகள் ஆண்டுதோறும் மாறுவதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் உரிய தூதரகத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்வோம். முதல் சந்திப்புக்குப் பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை மட்டும் கொண்டுவாருங்கள். அசல்களைத் தபாலில் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
நிர்வாகத்தினர்