‘கல்லூரி’ கட்டத்துக்குள் அடங்காதவர்கள்: ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஈகிள்ஸ் அணி நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். உங்கள் அமெரிக்க ஃபுட்பால் அணியின் ஆட்டக்காரர் பட்டியலில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல். இப்போது அதில் ஜெர்சி எண், பெயர், ஆடும் இடம், உயரம், எடை, வயது, அனுபவம் எல்லாம் இருக்கின்றன. கடைசியாகக் கல்லூரியின் பெயர். அதற்குப் பக்கத்தில் ‘இதற்கு முன்’ என்று ஒரு கட்டம் சேருங்கள். அணியில் எல்லாருக்கும் வேண்டாம், முன்வரிசையில் நின்று எதிரணியோடு நேருக்கு நேர் மோதுகிற லைன்மேன்களுக்கு மட்டும் போட்டால் போதும்.

அவர்களுக்கு மட்டும் எதற்கு என்று கேட்பீர்கள். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கைப் பற்றித் தெரிந்துகொள்ள எண்களுக்குக் குறைவே இல்லை. எத்தனை கெஜம் எறிந்தார், எத்தனை டச்டவுன், எத்தனை முறை பந்தைப் பறிகொடுத்தார் என்று திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் ஆளாளுக்கு ஒப்பிப்பார்கள். லைனில் நின்று எதிரியைத் தடுக்கிற ஒரு கார்டுக்கு அப்படி என்ன இருக்கிறது? பந்தைத் தொடாமலே ஒரு சீசனை முடித்துவிடலாம். நடுவர் மைக்கை அழுத்தி “ஹோல்டிங்”, அதாவது எதிரியைப் பிடித்து நிறுத்திய தப்பு, என்று சொல்லி எண்ணை வாசிக்கும்போதுதான் அந்த மனிதர் களத்தில் இருப்பதே பலருக்குத் தெரியவருகிறது. மூன்று மணி நேரம் ஒழுங்காக வேலை பார்த்தவரின் பெயர், ஒரே ஒரு முறை தப்பு செய்ததற்காக ஊர் முழுக்கக் கேட்கிறது.

இன்னொரு காரணம், எனக்கு இதுதான் முக்கியம். குவார்ட்டர்பேக் பெரும்பாலும் சிறு வயதிலிருந்தே குவார்ட்டர்பேக்காக வளர்க்கப்பட்டவர். லைன் அப்படியில்லை. வேறு எதற்கோ கிளம்பியவர்கள் வந்து சேர்கிற இடம் அது. ‘கல்லூரி’ என்கிற கட்டம் அதைச் சொல்வதில்லை. சில நேரம் மறைத்தும் விடுகிறது.

2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில் கான்சாஸ் சிட்டியை 40-22 என்று வென்றீர்களே, அன்று உங்கள் லைனில் களமிறங்கிய ஐந்து பேரை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். இடது டேக்கிள் ஜோர்டன் மைலாட்டா, ரக்பி ஆடிக்கொண்டிருந்தவர். இடது கார்டு லாண்டன் டிக்கர்சன், முழங்கால் ஜவ்வு கிழிந்த நிலையில் கல்லூரியை விட்டு வந்தவர். சென்டர் கேம் ஜர்கன்ஸ், நெப்ராஸ்காவில் பியட்ரிஸ் என்ற சின்ன ஊர்ப் பையன். லைன் ஓரத்தில் நின்று பந்தும் பிடிக்கிற டைட் எண்டாகத்தான் கல்லூரிக்கு எடுக்கப்பட்டார். வலது கார்டு மெக்காய் பெக்டன், அதுவரை டேக்கிள். புது ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கிற டிராஃப்டில், நியூயார்க் ஜெட்ஸ் 2020இல் 11ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்து, முழங்கால் காயங்களுக்குப் பிறகு கைகழுவிய மனிதர். வலது டேக்கிள் லேன் ஜான்சன், ஒரு காலத்தில் குவார்ட்டர்பேக்.

ஆமாம், குவார்ட்டர்பேக்தான். டெக்ஸஸில் க்ரோவ்டன் என்ற ஊரில் பள்ளியில் பந்தெறிந்தவர், கில்கோர் என்ற இரண்டாண்டுக் கல்லூரியிலும் பந்தெறிந்தார். ஓக்லஹோமாவுக்குப் போன பிறகு டைட் எண்டு, அங்கிருந்து தடுப்பாட்டத்தில் டிஃபென்சிவ் எண்டு, கடைசியில்தான் டேக்கிள். 2013 டிராஃப்டில் நான்காவது ஆளாக நீங்கள் எடுத்தபோது, அந்த இடத்தில் அவர் ஆடியிருந்தது இரண்டே சீசன்தான். பட்டியலில் ‘ஓக்லஹோமா’ என்று ஒரு சொல்தான் இருக்கிறது. கில்கோர் எங்கே போயிற்று?

ஜோர்டன் மைலாட்டாவுக்கு வருகிறேன். கல்லூரிக் கட்டத்தில் எழுத எதுவுமே இல்லாத ஆள். சிட்னியின் பேங்க்ஸ்டவுன் பகுதியில், சமோவாவைச் சேர்ந்த பெற்றோருக்குப் பிறந்தவர். சவுத் சிட்னி அணியின் 20 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ரக்பி லீக் ஆடினார். 6 அடி 8 அங்குலம், ஏறக்குறைய 157 கிலோ. ரக்பி லீக்குக்கு இந்த உடம்பு அதிகம் என்பதே அங்கே அவரைப் பற்றிய பேச்சு. உங்கள் ஃபுட்பால் லீக்கின் வெளிநாட்டு வீரர் திட்டத்தில் சேர்ந்து, ஃப்ளோரிடாவில் சில மாதங்கள் பாலபாடம் படித்தார். 2018இல் ஏழாவது சுற்றில் 233ஆவது ஆளாக நீங்கள் எடுத்தீர்கள். அதற்காகச் சில இடங்கள் மேலேறவும் செய்தீர்கள். அதுவரை ஒரு ஃபுட்பால் ஆட்டம்கூட ஆடாதவர். வாழ்நாளின் முதல் ஆட்டமே உங்கள் ஜெர்சியில்தான்.

இதில் எது கஷ்டம் என்பதை வெளியே இருப்பவர்கள் சரியாகப் பார்ப்பதில்லை. பலம் இருந்தது, வேகம் இருந்தது, மோதத் தெரியும். ஆனால் ரக்பியில் அவர் செய்ததெல்லாம் முன்னால் போவது. பந்தை வாங்கிக்கொண்டு நேராக ஆட்களுக்குள் புகுவது. டேக்கிள் வேலையோ பின்னால் போவது. குவார்ட்டர்பேக் எறியப் பின்வாங்கும்போது, இடது காலைப் பின்னுக்குத் தள்ளி, வலது காலை இழுத்து, இடுப்பைத் தாழ்த்தி, எதிரியைப் பார்த்தபடியே நகர வேண்டும். கையை எப்போது நீட்டுவது என்பது தனிப் பாடம். முந்தினால் எதிரி அதைத் தட்டிவிட்டுப் பக்கவாட்டில் ஓடிவிடுவான், பிந்தினால் நெஞ்சில் இடி விழும். தோளுக்கு வெளியே பிடித்தாலோ நடுவர் மஞ்சள் துணி வீசித் தண்டனை தருவார். எதிரே நிற்பவன் பத்து வயதிலிருந்து இதை ஆடி வருகிறவன். இருபத்தொரு வயதில் போய் இதை அட்சரத்திலிருந்து கற்க வேண்டும்.

முதல் இரண்டு சீசனில் அவர் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. 2020இல்தான் வாய்ப்பு வந்தது. 2021இல், நீங்கள் முதல் சுற்றில் எடுத்து வைத்திருந்த ஆண்ட்ரே டில்லார்டை முந்தி இடது டேக்கிள் இடத்தைப் பிடித்தார். டிவியில் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் கல்லூரியையும் சொல்கிற அந்தச் சில நொடிகளில் இவர் “ஜெஃப் ஸ்டவுட்லண்ட் பல்கலைக்கழகம்” என்கிறாரே, அது வேடிக்கையாகச் சொல்வது மட்டுமில்லை. 2013இல் லைன் கோச்சாக வந்த ஸ்டவுட்லண்ட், தலைமைக் கோச்சுகள் மாறி மாறி வந்தபோதும் நிலைத்து நின்று இவர்களை உருவாக்கியவர். நீங்கள் காலியாக விட்ட கட்டத்தை ஆட்டக்காரர் தானே நிரப்பிக்கொண்டார்.

உங்கள் முன்னாள் சென்டர் ஜேசன் கெல்சியைப் பற்றி எல்லாருக்கும் எல்லாம் தெரியும், அவர் இப்போது எந்த விளம்பரத்தைத் திறந்தாலும் வருகிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். ஒஹையோவின் க்ளீவ்லண்ட் ஹைட்ஸ் பள்ளியில் பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக், தடுப்பில் லைனுக்குப் பின்னால் நிற்கிற லைன்பேக்கர். பள்ளி ஜாஸ் குழுவில் சாக்ஸஃபோன் வாசித்தவர். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை இல்லாமல் தானாகப் போய்ச் சேர்ந்தார். 2011இல் ஆறாவது சுற்றில் 191ஆவது ஆள்.

அதே 2011 டிராஃப்டின் முதல் சுற்றில் நீங்கள் யாரை எடுத்தீர்கள் என்று பேச உங்களுக்கே பிடிக்காது. எனக்கோ அவரை ரொம்பப் பிடிக்கும். டேனி வாட்கின்ஸ், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக்காரர். ஹாக்கி, ரக்பி ஆடியவர், தீயணைப்பு வீரராக வேலை பார்த்தவர். தாமதமாகக் கல்லூரிக்குப் போய் ஃபுட்பாலைத் தொட்டவரை, 26 வயதில் 23ஆவது ஆளாக எடுத்தீர்கள். சரிப்படவில்லை, 2013இல் அனுப்பிவிட்டீர்கள். மனிதர் கொஞ்ச நாளில் தீயணைப்புப் பணிக்கே திரும்பிவிட்டார். ஊர் அவரை ‘வீணான தேர்வு’ என்கிறது. தாமதமாகத் தொடங்கியவர்கள் எல்லாரும் மைலாட்டா ஆகிவிடுவதில்லை என்பதற்காகவே அவர் பெயரும் அந்தக் கட்டத்தில் இருக்க வேண்டும். ஜெயித்தவர்களின் பூர்வீகத்தை மட்டும் போட்டால் அது விளம்பரமாகிவிடும்.

பழைய ஆட்களுக்கு இந்தக் கட்டம் இன்னும் அவசியம். 1943ஐ எடுத்துக்கொள்ளுங்கள். போருக்கு ஆள் போய், இரு அணிக்கும் ஆட்கள் போதாமல், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும் நீங்களும் ஒரே அணியாக ஆடினீர்கள். ‘ஸ்டீகிள்ஸ்’ என்று ஊர் பெயர் வைத்தது. பெரும்பாலும் ராணுவம் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய ஆட்கள். சென்டர் ரே கிரேவ்ஸுக்கு ஒரு காது கேட்காது. கார்டு எட் மைக்கேல்ஸுக்கும் காது மந்தம். டேக்கிள் விக் சியர்ஸுக்கு வயிற்றுப்புண். பக்கோ கில்ராய் ஃபிலடெல்ஃபியாவின் போர்ட் ரிச்மண்ட்காரர். வணிகக் கப்பற்படையில் இருந்துகொண்டே வார இறுதியில் வந்து ஆடினார். மற்றவர்கள் பகலெல்லாம் போர்த் தளவாடத் தொழிற்சாலைகளில் முழு நேர வேலை, அதன் பிறகு பயிற்சி. சென்டரும் கார்டும் ஒட்டி நிற்பவர்கள். சத்தத்துக்கு நடுவே குவார்ட்டர்பேக்கின் குரலைக் கேட்டு ஒரே நொடியில் கிளம்ப வேண்டியவர்கள். அதில் இருவருக்கும் காது சரியில்லை என்றால் அந்த லைன் எப்படிக் கிளம்பியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. எப்படியோ கிளம்பியிருக்கிறது. 5 வெற்றி, 4 தோல்வி, 1 சமன். 1933இல் தொடங்கிய உங்கள் அணி, தோல்வியைவிட வெற்றி அதிகம் பார்த்த முதல் சீசன் அதுதான்.

அந்த லைனில் புதிதாகச் சேர்ந்த டேக்கிள்தான் ஆல் விஸ்டர்ட். லித்துவேனியக் குடும்பம். சிக்காகோவில் போலீஸ்காரரான அப்பா, பணியில் இருக்கும்போதே கொல்லப்பட்டார். மூன்று பையன்கள். மூவருமே மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு டேக்கிள் ஆடினார்கள், மூவருக்கும் ஒரே எண், 11. இவருக்கு மணிக்கட்டு எலும்பில் பழைய நோய் இருந்ததால் ராணுவம் எடுக்கவில்லை. 1948, 1949 இரண்டு சாம்பியன்ஷிப்பிலும் உங்கள் கேப்டன் அவர். இனி யாருக்கும் தருவதில்லை என்று நீங்கள் முதன்முதலில் ஓய்வு கொடுத்த எண்ணே அவருடைய 70தான். ஆனாலும் இன்று மைதானத்தில் ‘70 யார்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

சக் பெட்னரிக் கதை ஓரளவு தெரிந்த கதை. 1960 இறுதி ஆட்டத்தின் கடைசி நொடிகளில் கிரீன் பேயின் ஜிம் டெய்லரைக் கீழே தள்ளி, கடிகாரம் தீரும்வரை எழுந்திருக்க விடாமல் அமுக்கிக்கொண்டதும், 17-13 என்று ஜெயித்ததும் ஊருக்கே மனப்பாடம். 35 வயதில் சென்டராகவும் லைன்பேக்கராகவும் இரண்டு பக்கமும் ஆடினார். பட்டியலில் அவருக்கு ‘பென்’ என்று வரும், பென்சில்வேனியா பல்கலைக்கழகம், பெரிய இடம். அதற்கு முன்? பெத்லஹேமில் ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறிய பெற்றோர், உருக்காலையில் அப்பா. பள்ளி முடித்த கையோடு போர். பி-24 குண்டுவீச்சு விமானத்தின் இடுப்புப் பகுதியில் துப்பாக்கியோடு நின்றபடி ஜெர்மனி மேல் 30 முறை பறந்துவிட்டு, இருபது வயதில் வந்து கல்லூரியில் சேர்ந்தவர். சீசன் இல்லாத மாதங்களில் கான்கிரீட் விற்றார். ‘கான்கிரீட் சார்லி’ என்ற பட்டம் அந்த வேலையிலிருந்து வந்தது. முதல் ஆளாக டிராஃப்ட் ஆனவர் வயிற்றுப்பாட்டுக்குக் கான்கிரீட் விற்க வேண்டியிருந்தது என்பதை இன்றைய சம்பளப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்தச் சம்பளத்துக்கும் ஒரு லைன்மேன் காரணம். ரெஜி ஒயிட், டென்னஸியின் சாட்டனூகாக்காரர். பதின்ம வயதிலேயே பாப்டிஸ்ட் போதகர். வேறொரு லீக்கில் மெம்ஃபிஸ் அணிக்கு ஆடிவிட்டு 1985இல் உங்களிடம் வந்தார். 121 ஆட்டங்களில் 124 சாக், அதாவது எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியது. ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் மேல்! வீரர்கள் விரும்பிய அணிக்குப் போகும் உரிமைக்காக நடந்த வழக்கு அவர் பெயரில்தான் நடந்தது. 1993இல் அந்த உரிமை வந்ததும் அவரே அதைப் பயன்படுத்தி கிரீன் பேய்க்குப் போனார். உங்களுக்கு வலித்திருக்கும். வலித்தாலும் அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து இதைப் பியானோ இசை பின்னால் ஓடுகிற கண்ணீர் வீடியோவாக்கிவிடாதீர்கள். ஏழை வீடு, அழுகிற அம்மா, மெதுவாக ஓடும் காட்சி என்று அதற்கு ஒரு அச்சு இருக்கிறது. பெயர் மாற்றினால் யாருக்கும் பொருந்தும். நான் கேட்பது ஒரு வரி. ஊர், முன்பு ஆடிய ஆட்டம் அல்லது இடம், பார்த்த வேலை. அவ்வளவுதான்.

முடியாது என்று சொல்லாதீர்கள், உங்கள் ஆள் ஒருவரே ஏற்கெனவே செய்து காட்டிவிட்டார். 2018 பிப்ரவரி 8, முதல் சூப்பர் பௌல் வெற்றி ஊர்வலம். அருங்காட்சியகப் படிக்கட்டில் இந்த ஊர்ப் புத்தாண்டு ஊர்வலக்காரர்களான மம்மர்ஸின் உடையில் நின்று கெல்சி தொண்டை கிழியப் பேசினாரே, அதில் பாதிக்கு மேல் பட்டியல்தான். ஜேசன் பீட்டர்ஸுக்கு வயதாகிவிட்டது என்றார்கள், தனக்கு உடம்பு போதாது என்றார்கள், பிராண்டன் புரூக்ஸின் மனப்பதற்றத்தைக் குறை சொன்னார்கள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, அவரவர்மீது ஊர் ஒட்டிய சீட்டையும் சேர்த்து வாசித்தார். அந்தப் பீட்டர்ஸ் கல்லூரியில் டைட் எண்டு, 2004 டிராஃப்டில் யாரும் சீண்டாத ஆள். குளிரில் நின்றிருந்த கூட்டம் ஒவ்வொரு பெயருக்கும் ஆர்ப்பரித்தது. எங்களுக்கு இதில் ஆர்வம் இருக்காது என்று நீங்கள் நினைக்க வழியே இல்லை.

அடுத்த சீசன் பட்டியல் அச்சாகும் முன் செய்தால் நல்லது. ஓய்வு கொடுத்த எண்களில் 60, 70, 92, 99 நான்கும் லைன்மேன்களுடையவை, அவற்றிலிருந்து தொடங்கலாம். தாளில் இடம் இல்லை என்று வடிவமைப்பாளர் சொன்னால், எடைக் கட்டத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். லைன்மேன்களுக்கு நீங்கள் போடுகிற எடையை எங்களில் யாரும் நம்புவதில்லை.

இப்படிக்கு,
தெற்கு ஜெர்சியிலிருந்து ஒரு ரசிகர்