கொடைக்கானல் ஏரியில் படகு விடப் போகிறவர்களுக்கு

கோடை விடுமுறைக்கு மலையேறும் அன்பர்களே,

ஏரிக்கரையில் பெடல் படகுக்கு வரிசையில் நிற்கும்போது இதைப் படித்துவிடுங்கள், அது போதும் எனக்கு.

அந்த ஏரி தானாக உண்டானது என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். இல்லை. ஓடைகள் வந்து சேரும் ஒரு சதுப்புப் பள்ளமாகக் கிடந்த இடம் அது. மதுரை கலெக்டராக இருந்த வேரே லெவிஞ்ச் 1863-ல் அங்கே கரை கட்டித் தண்ணீரைத் தேக்கினார். இன்று சுமார் 60 ஏக்கர், சுற்றி நடந்தால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். மீன் குஞ்சுகளைக் கீழேயிருந்து கொண்டுவந்து விட்டார், முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்று சொல்வார்கள்.

அந்தப் படகை நினைத்தால்தான் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். கடலோரத்திலிருந்து ஏழாயிரம் அடி உயரத்துக்கு! அப்போது மலைக்குக் கீழே, இப்போது கொடை ரோடு ஸ்டேஷன் இருக்கிற அம்மையநாயக்கனூருக்கு ரயில்கூட வரவில்லை, அது 1870களில்தான். வத்தலக்குண்டு வழியாக நீங்கள் காரில் ஏறுகிறீர்களே, அந்த மலைச்சாலை 1914 வாக்கில்தான் முடிந்தது. அதுவரை பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து மேலே கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூருக்குச் செங்குத்தாக ஏறும் ஒற்றையடிப் பாதைதான். துரைமார்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, நம் ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அரிசி, பெட்டி படுக்கை, கட்டில், எல்லாமே தலைச்சுமையும் பொதிமாடும்தான். அப்படியானால் படகு மட்டும் வேறு எப்படிப் போயிருக்கும்?

லெவிஞ்சின் பெயர் நிலைத்துவிட்டது, அவர் செய்ததற்கு அது நியாயம்தான். 1845-ல் சன்னிசைட், ஷெல்டன் என்று முதல் இரண்டு வீடுகளைக் கட்டிய அமெரிக்க மிஷனரிகளையும் வரலாறு எழுதி வைத்திருக்கிறது. மதுரைச் சமவெளியில் காய்ச்சலிலும் காலராவிலும் சொந்தக்காரர்களைப் பறிகொடுத்துவிட்டு உயிர் தப்ப மேலே போனவர்கள் அவர்கள். ஆனால் மண் வெட்டிக் கரை போட்டவர், நாற்காலி சுமந்தவர் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? அவர்களுக்கும் முன்னால், 1821-ல் வார்டு என்ற நில அளவை அதிகாரி ஏறிப் பார்ப்பதற்கும் எத்தனையோ காலம் முன்னாலிருந்து, பளியர்கள் என்ற பழங்குடி மக்கள் தேனெடுத்தும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்த மலை அது. யாரும் இல்லாத இடத்தை யாரோ வந்து கண்டுபிடித்ததாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து.

1890-ல் தொடங்கிய படகு கிளப்பில் உங்களையும் என்னையும் போன்ற வெளியாட்கள் படகு ஏற முடிந்ததே 1932-க்கு அப்புறம்தான். அதனால் ஏறுங்கள், நன்றாகச் சுற்றுங்கள், பிள்ளைகளுக்குச் சுட்ட சோளம் வாங்கிக் கொடுங்கள்.

திரும்பி இறங்கும்போது வெள்ளி அருவியில் எல்லோரும் வண்டியை நிறுத்துவீர்கள். ஏரியில் நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அங்கே விழுகிறது, அதே தண்ணீர். மேலே ஏரியில் எறிகிற காலி பாட்டிலும் கவரும் அந்த வழியாகத்தான் கீழே வரும். குப்பையை உங்கள் பையிலேயே போட்டு ஊருக்குக் கொண்டுவந்துவிடுங்கள், அதில் ஒன்றும் பெரிய சுமை இல்லை.

அன்புடன்,
பெரியகுளம் பக்கத்து ஆள் ஒருவன்