ரிச்சர்ட் இட்டர் நினைவாக ஒரு பியானோ இசைத்தட்டு: லைரிட்டா அறக்கட்டளையினருக்குத் திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். பிரிட்டிஷ் இசையைப் பதிந்து வெளியிடும் லைரிட்டா என்ற உங்கள் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் இட்டர் 2014இல் மறைந்தார். அவர் நினைவாக ஒரு புதிய இசைத்தட்டை நீங்கள் பதிவு செய்ய வேண்டும், அதில் பியானோ மட்டுமே ஒலிக்க வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

லைரிட்டா என்றதும் பலருக்கும் ஆர்க்கெஸ்ட்ரா பதிவுகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1959இல் இட்டர் தொடங்கியது பியானோ இசையில். இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் பர்ன்ஹாம் என்ற ஊர், அங்கே அவருடைய வீடு, வீட்டுக்குள் இசைக்கென்று ஓர் அறை. இசையமைப்பாளர் பாக்ஸின் சொனாட்டாக்களை (நீண்ட பியானோ படைப்புகளை) ஐரிஸ் லவ்ரிட்ஜும், இன்னோர் இசையமைப்பாளரான ஜான் அயர்லாந்தின் பியானோ இசையை ஆலன் ரோலண்ட்ஸும் அவருக்காகப் பதிவு செய்தார்கள். அயர்லாந்துக்கு அப்போது எண்பது வயது, 1962இல்தான் இறந்தார். கடைக்காலத்தில் தன் பியானோ இசை தட்டில் ஏறத் தொடங்கியதை அவரால் பார்க்க முடிந்தது. ஒரு புரவலர் இதைவிட என்ன செய்துவிட முடியும்?

அயர்லாந்தின் 'தி ஐலண்ட் ஸ்பெல்' என்ற பியானோ படைப்பை நான் முதலில் கேட்டது ரோலண்ட்ஸின் வாசிப்பில்தான். எதிரொலி அதிகம் இல்லாத, கிட்டத்தில் உட்கார்ந்து கேட்பது போன்ற ஒலி. அது குறை என்பவர்கள் உண்டு. எனக்கு அந்த நெருக்கம்தான் பிடிக்கும். அதனால் இந்தத் தட்டைப் பெரிய தேவாலயத்தில் பதிய வேண்டாம், ஒரு வீட்டு அறையிலேயே பதியுங்கள்.

சரி, என்ன வாசிப்பது? இசையமைப்பாளர் ஃபிராங்க் பிரிட்ஜின் பியானோ சொனாட்டா கட்டாயம் வேண்டும். 1918இல் முதல் உலகப் போரில் மாண்ட நண்பர் எர்னஸ்ட் ஃபேரரின் நினைவாக அவர் எழுதியது அது. துக்கத்தை இவ்வளவு கடுமையாகச் சொல்லும் பியானோ இசையை நான் அதிகம் கேட்டதில்லை. அப்புறம் அயர்லாந்து, பாக்ஸ், அவர்களைப் போலவே இசையமைப்பாளரான மொரன், ஆளுக்கொன்று.

மீதிப் பாதியை இன்று வாழும் இசையமைப்பாளர்களுக்குக் கொடுங்கள். இதுவரை யாருமே பதிவு செய்யாத படைப்புகளாகப் பார்த்து எடுங்கள். பழைய பதிவுகளை மறுபடி வெளியிடுவதும், வானொலியிலிருந்து இட்டர் பல்லாண்டுகள் பதிந்து வைத்தவற்றை நீங்கள் தட்டுகளாகக் கொண்டுவருவதும் பெரிய காரியம்தான். ஆனால் அவர் தேடியது மற்றவர்கள் தொடாத இசையை. அவர் பெயர் போட்ட தட்டிலும் அப்படிப்பட்ட இசை இருக்கட்டும்.

அது வெளிவந்தால் முதல் நாளே வாங்கிவிடுவேன்.

அன்புடன்,
லைரிட்டாவின் நெடுநாள் ரசிகன்