ஆளுக்கு இரண்டு கட்டு

முக்கூடலில் எங்கள் தெருக்காரர்களுக்கும், பேர் தெரியாமலே உதவிய சிலருக்கும்,

போன ஆவணியில் ஒரு கையில் மாவுக்கட்டு, இன்னொரு கையில் மகள் என்று வந்து இறங்கினேன். ஒரு வருஷம் ஓடிவிட்டது. நேரில் நன்றி சொன்னால் "போளா, பெருசா சொல்ல வந்துட்டா" என்று விரட்டுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் அக்காவுக்கு. படியில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் சொன்னேன். மாமியார் பக்கத்திலேயே நின்றார்கள். நீங்கள் அவர்களைக் கஞ்சி வாங்கி வர அனுப்பிவிட்டு, "படி கையை இப்படித் திருகுமாம்மா?" என்று கேட்டீர்கள். அழுதுவிட்டேன். டாக்டரிடம் சொல்லி ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில், நடந்ததை நடந்தபடி எழுத வைத்தீர்கள். பின்னால் கேஸில் எனக்குக் கைகொடுத்தது அந்த ஏ.ஆர். காப்பிதான். பெண்கள் உதவி எண் 181 என்று என் உள்ளங்கையில் பேனாவால் எழுதியதும் நீங்கள்தான்.

அதற்கும் முன்னால் ஒரு காவல் நிலையத்தில் "அனுசரிச்சுப் போம்மா" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்கு இந்தக் கடிதத்தில் இடமில்லை.

கிளம்பிய அன்று கையில் ஒரு ரூபாய் கிடையாது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்பதால் மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தேன். செருப்பில்லாத காலைப் பார்த்தும் ஒன்றும் கேட்காமல், முன் சீட்டில் இருந்தவரை எழுப்பி இடம் வாங்கித் தந்த கண்டக்டர் அண்ணனுக்கு நன்றி.

என் கூடப் பிறந்த அண்ணன் தயங்கினான், அதை மறைக்கப் போவதில்லை. அவன் பெஞ்சாதி, என் மயினிதான் என் பையை வாங்கி உள்ளே வைத்தாள்.

திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் பாதுகாப்பு அலுவலர் அம்மா நான் சொன்னதை வரி விடாமல் எழுதிக்கொண்டார்கள். அடி வாங்கின ஊரில்தான் கேஸ் போட வேண்டும் என்று நினைத்துப் பயந்திருந்தேன். இப்போது இருக்கிற ஊர்ப் பக்கமே மனு போடலாம் என்று 2005-ஆம் வருஷக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்கிறதாம். பெண் என்றால் வருமானம் கூடப் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள் என்பதும் அங்கேதான் தெரிந்தது. அறுபது நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எனக்கு ஏழு மாதம் இழுத்தது. சரி, பாதுகாப்பு உத்தரவு கிடைத்ததே. மீறினால் ஒரு வருஷம் வரை ஜெயில் என்பதால் என் புருஷன் இந்தப் பக்கம் வருவதில்லை.

இனி, நாம் எல்லோரும் உட்கார்ந்து பீடி சுற்றுகிற திண்ணை. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மாவுக்கட்டு பிரித்த பிறகும் விரல் மடங்கவில்லை. இலை வெட்டினால் கத்தரி நழுவும், சுற்றினால் தூள் கொட்டும். நாளுக்கு 800 பீடி சுற்றியவள் 200-க்குத் திணறினேன். பீடிக் கடையில் எண்ணிக்கை குறைந்தால் வேலைக்கான பாஸ் புக்குக்கு ஆபத்து. ஒரு நாள் சாயங்காலம் தட்டை எடுத்தால் கணக்கு இடிக்கிறது, பீடிக் கட்டு கூடுதலாக இருக்கிறது! மறுநாள் கண்ணை அங்கே இங்கே திருப்பாமல் பார்த்தேன். பேச்சோடு பேச்சாக ஆளுக்கு இரண்டு கட்டு என் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று மாதம் அப்படியே நடந்தது. உங்கள் வீட்டு அடுப்பும் அந்தப் பீடியில்தான் எரிகிறது என்று எனக்குத் தெரியாதா?

அப்புறம் ஆச்சி. சமாதானம் பேச என் புருஷன் வீட்டு ஆட்கள் மூன்று தடவை வந்தார்கள். மூன்று தடவையும் வாசலை அடைத்து உட்கார்ந்துகொண்டு, "பிள்ளை சாப்பிடுதா, பொறவு வாங்க" என்றீர்களே! கடைசித் தடவை மணி நாலு. "என்ன ஆச்சி, நாலு மணிக்குமா சாப்பாடு?" என்று ஒருத்தர் கேட்க, "மெதுவாத்தான் சாப்பிடுவா" என்றீர்கள். உள்ளே பானைக்குப் பின்னால் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எத்தனை வருஷம் கழித்து வந்த சிரிப்போ.

கை இப்போது 600 வரை வந்துவிட்டது. மழை நாளில் மட்டும் மணிக்கட்டு வலிக்கும். பக்கத்து வீட்டுக் கதவு சத்தமாய் அடைத்தால் மகள் இப்போதெல்லாம் திடுக்கிடுவதில்லை.

வாங்கின கட்டுகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். திருப்பித் தந்தால் வாங்க மாட்டீர்கள், தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் நம் வீட்டுக்கு வாருங்கள், கருப்பட்டிக் காப்பியும் சீடையும் போடுகிறேன். ஆச்சிக்குச் சுகர் இருக்கிறது, அவர்கள் காப்பியில் மட்டும் கருப்பட்டி சேர்க்க மாட்டேன். கருப்பட்டி சுகர் கணக்கில் வராது என்று இங்கே வந்து சண்டை போடக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் திண்ணைப் பிள்ளை