படம் எடுங்கள், பவளத்தைப் பிடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறைக்கு அந்தமான் போகப் போகிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன், பள்ளி மூடுவதற்குள் வெளியிட்டால் நல்லது. பிப்ரவரியில் ஹேவ்லாக் தீவுக்குப் போயிருந்தோம். 2018இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள், ஆனாலும் எங்கள் படகுக்காரருக்கு அது இன்னும் ஹேவ்லாக்தான்.

சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்குள் போகும் ஸ்கூபா டைவிங்கில் கேமராவோடு இறங்குவது எனக்கு இது இரண்டாவது தடவை. தண்ணீருக்குள் படம் எடுப்பது தரையில் எடுப்பது போல இல்லை. பத்து மீட்டர் இறங்கினாலே சிவப்பு நிறம் கிட்டத்தட்ட காணாமல் போய்விடும், தண்ணீர் அதைத்தான் முதலில் விழுங்குகிறது. பக்கத்தில் போய் லைட் அடித்தால்தான் நிறம் திரும்பி வரும், தள்ளி நின்று அடித்தால் நடுவில் மிதக்கிற தூசியெல்லாம் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். அதனால் எல்லோரும் கிட்டக் கிட்டப் போகிறார்கள். கிட்டப் போக வேண்டுமென்றால் மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் ஒரே மட்டத்தில் மிதக்கத் தெரிய வேண்டும், அது முதல் நாளே யாருக்கும் வந்துவிடாது.

அன்று எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி முதல்முறை இறங்கிய ஒரு பெண்ணைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஆடிக்கொண்டே இருந்தார், படம் அசையக் கூடாது என்று கூட வந்த பயிற்சியாளரே அவர் கையை எடுத்து ஒரு பவளத்தின் மேல் வைத்தார். பதற்றத்தில் அந்தப் பெண் காலை உதைக்க, காலில் மாட்டியிருந்த துடுப்பு பட்டு மான்கொம்பு மாதிரி கிளைத்திருந்த பவளத்தில் இரண்டு கிளை ஒடிந்து மணலில் விழுந்தது. ஒடிந்த இடம் சுண்ணாம்பு போல வெள்ளையாக இருந்தது. அப்படிக் கிளைவிடும் பவளம் நன்றாக வளர்ந்தாலே வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டர்தான், உருண்டையாகப் பாறை மாதிரி இருப்பது ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிது. 2010இல் கடல் சூடேறி அந்தமானில் எவ்வளவோ பவளம் வெளுத்துப் போனது, அதிலிருந்து தப்பிப் பிழைத்ததைத்தான் நாம் இப்போது போய்ப் பார்க்கிறோம்.

கரைக்குத் திரும்பும்போது படகில் அந்தப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். பவளம் உயிருள்ள பிராணி, ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன உயிர்கள் சேர்ந்த கூட்டம் என்று சொன்னதும் கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டார். "பாறைன்னுதாங்க நினைச்சேன், யாருமே சொல்லலையே" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். சிலிண்டரை மாட்டிவிடுகிறவர்கள் சொல்லியிருக்க வேண்டும், 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு இருக்கிற அதே முதல் அட்டவணையில்தான் இந்தப் பவளங்களும் இருக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

அதிகாரிகளிடம் நான் கேட்பது இரண்டுதான். படகிலேயே, இறங்குவதற்கு முன்னால், வந்திருப்பவர்களுக்குப் புரிகிற மொழியில் இதைச் சொல்வதைக் கட்டாயமாக்குங்கள். அப்புறம், முதல்முறை இறங்குகிறவர்களை மணல் தரைக்கு மேலே வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள், மீன்கள் அங்கேயும் வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி