அப்பாவின் வாட்ச் காட்டும் நேரம்

செயின்ட் ஜான்ஸ், நியூஃபவுண்ட்லாந்து
22-2-2026, ஞாயிறு, இரவு 9.10

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி இன்னும் இரண்டு வாரம் வரும். ஜன்னலுக்கு வெளியே பனி முழங்கால் வரைக்கும் கிடக்கிறது. உள்ளே ஹீட்டர் ஓடுவதால் குளிர் தெரியவில்லை, கவலைப்பட வேண்டாம்.

மேலே நான் எழுதியிருக்கும் நேரத்தைப் பாருங்கள். எனக்கு ஞாயிறு இரவு 9.10. உங்களுக்குத் திங்கள் காலை 6.10. அம்மா டிகாஷன் இறக்கியிருப்பார்கள், நீங்கள் பேப்பரை விரித்திருப்பீர்கள். இந்தக் கணக்கைப் பற்றித்தான் இன்று விரிவாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் அறுந்துவிடுகிறது.

நவம்பர் 2-ஆம் தேதி நடந்தது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு என் போன் வரும் என்று நீங்கள் நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். நான் வழக்கம்போல என் கடிகாரத்தில் பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். உங்களுக்கு அப்போது எட்டாகிவிட்டது. அந்த ஒரு மணி நேரமும் நீங்கள் எழுந்துகூடப் போகவில்லை என்று தம்பி அப்புறம் சொன்னான். அம்மா சாமி விளக்குக்கு முன்னால் நின்றுவிட்டார்களாம். அன்று விடியற்காலைதான் இங்கே எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் வைத்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் உங்களுக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் விட்டது என் தப்பு.

இந்த ஊரில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள், நவம்பர் முதல் ஞாயிறன்று திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கோடையில் வெளிச்சம் நீளும்போது அதைச் சாயங்காலத்தில் அனுபவிக்கத்தான் இந்த ஏற்பாடு. அதனால் நமக்கு நடுவே கோடையில் எட்டு மணி நேரம், குளிர்காலத்தில் ஒன்பது மணி நேரம்.

இரண்டுமே முழு மணியாக வருவதைக் கவனித்தீர்களா? டொரன்டோவில் இருக்கும் சித்தி பையனுக்கு ஒன்பதரை, பத்தரை என்று அரை ஒட்டிக்கொண்டு வரும். இந்த ஊர் நம்மைப் போலவே அரை மணிக் கணக்கு வைத்திருக்கும் ஊர். உலக நேரத்துக்கு நாம் ஐந்தரை மணி முன்னால், இவர்கள் மூன்றரை மணி பின்னால். இரண்டு அரையும் சேர்ந்து ஒன்றாகிவிடுகிறது. கனடா ரேடியோவில் நிகழ்ச்சி நேரம் அறிவிக்கும்போது கடைசியில் 'நியூஃபவுண்ட்லாந்தில் அரை மணி நேரம் கழித்து' என்று சொல்வார்கள். முதல் தடவை கேட்டபோது சொந்தக்காரர் பெயரைக் கேட்டது போல இருந்தது.

உலக நேரம் என்று சொன்னேனே, அதுதான் என் வேலையே. கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பல்கள் எப்போது கிளம்பின, எப்போது கரை சேர்ந்தன, காற்று என்ன, அலை எவ்வளவு என்று பதிவு செய்கிறேன். எல்லாம் யூடிசி நேரத்தில்தான். கப்பல்காரர்கள் அதை 'ஸூலு' என்பார்கள். லண்டனுக்குப் பக்கத்தில் கிரீனிச் வழியாகப் போகும் ரேகையைப் பூஜ்யமாக வைப்பது என்று 1884-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு தீர்மானித்தது. அங்கிருந்து வந்த கணக்கு இது. இப்போது அணுக்கடிகாரங்களை வைத்துக் கணக்கிடுகிறார்கள். கோடை வந்தாலும் குளிர் வந்தாலும் அது நகராது. நார்வேக்காரர், பிரேசில்காரர், நான் என்று மூன்று பேரும் ஒரே கப்பலைப் பற்றிப் பேசும்போது அவரவர் ஊர் நேரத்தைச் சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி 10.15-க்கு ஒரு கப்பல் வந்து கட்டியது. மூன்றரை கூட்டினேன், 01.45. சரியாகத்தான் எழுதினேன். ஆனால் தேதியை மாற்றவில்லை. நள்ளிரவைத் தாண்டியதால் அது உலக நேரப்படி சனிக்கிழமை. நான் எழுதியிருந்தது வெள்ளி. பதிவைப் பார்த்தால் மேடையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அந்தக் கப்பல் கரைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. கிரேன் ஆட்களின் சம்பளக் கணக்கு வரைக்கும் போய் இடித்தது. மேலதிகாரி கோபப்படவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திருத்தினார். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதிலிருந்து மணியைக் கூட்டியவுடன் தேதியைத் தொட்டுப் பார்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போவதில்லை.

தேதிதான் எல்லோரையும் கவிழ்க்கிற இடம். குளிர்காலத்தில் இங்கே மதியம் மூன்று மணியானால் உங்களுக்கு நாள் மாறிவிடும். டிசம்பர் 31 அன்று, அலுவலகத்தில் எல்லோரும் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது, எனக்கு மட்டும் ஜனவரி பிறந்துவிட்டது. ராத்திரி எட்டரைக்கு உலக நேரத்திலும் நாள் மாறியது. அப்புறம்தான் இந்த ஊருக்கு.

இப்போது உங்கள் வாட்ச் விஷயத்துக்கு வருகிறேன். கிளம்பும்போது உங்கள் எச்எம்டி ஜனதாவைக் கழற்றி என் கையில் கட்டினீர்கள். 'தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடு, முறுக்கி வதைக்காதே' என்றீர்கள். அப்படியேதான் செய்கிறேன். காலையில் பல் தேய்த்தவுடன் பதினெட்டு இருபது திருகு. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நொடி பின்னால் போகிறது, ஞாயிறு தோறும் சரி செய்துகொள்கிறேன். அதை உலக நேரத்தில் வைத்திருக்கிறேன் அப்பா. இந்த ஊர் நேரத்தில் வைக்கவில்லை, சென்னை நேரத்திலும் வைக்கவில்லை. காரணம் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும்.

உங்கள் கையில் இருக்கும் வாட்சைக் கழற்றுங்கள். 12 இருக்கும் இடத்தில் 6 வரும்படி தலைகீழாகப் பிடியுங்கள். எண்களைப் பார்க்காமல் முள் நிற்கும் இடத்தை மட்டும் படியுங்கள். அதுதான் உலக நேரம். காலை எட்டரைக்குப் பிடித்துப் பார்த்தால் பெரிய முள் உச்சியில் நிற்கும், சின்ன முள் மூன்றை நெருங்கியிருக்கும். மூன்று மணி. இங்கே உங்கள் ஜனதாவை நான் தலைகீழாகப் பிடித்தால் சென்னை நேரம் தெரிகிறது. பாதி வட்டம் திருப்பும்போது சின்ன முள் ஆறு மணி நேரம் தள்ளிப் போகிறது, பெரிய முள் முப்பது நிமிடம் தள்ளிப் போகிறது. நமக்கு வேண்டியது ஐந்தரை. அதனால் சின்ன முள் மட்டும் இருக்க வேண்டிய இடத்துக்கு அரை மணி தள்ளி நிற்கும். மற்றவர்களுக்கு அது தெரியாது. முப்பது வருஷம் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு முள் பொருத்திய உங்களுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

காலை எட்டரை என்று நான் சும்மா சொல்லவில்லை. மழைக்காலத்தில் செய்தியில் 'இன்று காலை எட்டரை மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில், மீனம்பாக்கத்தில்' என்று வாசிப்பார்களே, அது என்ன கணக்கு என்று சின்ன வயதில் உங்களைக் கேட்டிருக்கிறேன். இங்கே வந்துதான் புரிந்தது. உலக நேரம் மூன்று மணிக்கு வானிலை நிலையங்கள் அளவு எடுக்கின்றன. நமக்கு அது எட்டரை. மீனம்பாக்கத்தில் பலூன் விடுவதும் உலக நேரம் பூஜ்யத்துக்கும் பன்னிரண்டுக்கும்தான், அதாவது காலையிலும் சாயங்காலமும் ஐந்தரை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் திரையில் 03 என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் வீட்டு ரேடியோதான் காதில் கேட்டது.

நுங்கம்பாக்கத்தில் அந்த வானிலை மையம் இருக்கும் வளாகத்தில்தான் பழைய மெட்ராஸ் வானியல் ஆய்வகம் இருந்தது. 1792 என்று பொறித்த கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. 1802-இல் கோல்டிங்ஹாம் என்பவர் சென்னையின் தீர்க்கரேகையை அளந்து, கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் என்று குறித்தார். அந்த மெட்ராஸ் நேரத்தில்தான் நாடு முழுக்க ரயில் ஓடியது. கல்கத்தா நேரத்துக்கும் பம்பாய் நேரத்துக்கும் ஏறக்குறைய நடுவில் இருந்ததால் அது வசதியாகப் போயிற்று. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை வந்தது. 82½ பாகை ரேகையை வைத்த கணக்கு அது. நம் ஊர்க் கடிகாரங்கள் கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம் முன்னால் போயின. சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது இன்றும் சராசரியாக 12.09-க்குத்தான். ராயப்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டி உங்களோடு கடைக்கு நடக்கும்போது இதெல்லாம் தெரிந்திருந்தால் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்திருக்கலாம்.

உங்களுக்காக இன்னொன்று. பூமி சுற்றுவது அணுக்கடிகாரத்தோடு ஒத்துப் போகாதபோது உலக நேரத்தில் ஒரு நொடியைச் சேர்ப்பார்கள். 1972-லிருந்து 27 தடவை சேர்த்திருக்கிறார்கள். கடைசியாகச் சேர்த்தது 2016 டிசம்பர் 31 முடியும்போது. உங்களுக்கு அது 2017 ஜனவரி 1 காலை 5 மணி 29 நிமிடம். அந்த நிமிடத்துக்கு 61 நொடி. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

அம்மா ராகு காலம் கேட்டிருந்தார்கள். நம் வீட்டுக் காலண்டரில் திங்கள் ஏழரை முதல் ஒன்பது என்று போட்டிருப்பது, ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு இருட்டுகிற பகலை எட்டாகப் பிரித்த கணக்கு. இங்கே டிசம்பரில் விடிவதே ஏழே முக்கால் ஆகிறது, நாலு மணி தாண்டினால் இருட்டு. அதனால் அந்தக் காலண்டரை இங்கே வைத்துப் பார்க்க முடியாது, இந்த ஊர் உதயத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். வேண்டுமானால் வாரா வாரம் கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

இனிமேல் நாம் இப்படி வைத்துக்கொள்ளலாம். நம் போன் உலக நேரம் 13.30-க்கு. சென்னை நேரம் வருஷம் முழுக்க மாறாததால் உங்களுக்கு அது எப்போதும் சாயங்காலம் ஏழு. எனக்கு இப்போது காலை பத்து, மார்ச் 8-இலிருந்து பதினொன்று. மாறுவது என் ஊர், அதனால் மாற்றிக்கொள்ள வேண்டியதும் நான்தான். நீங்கள் எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம். மார்ச் 8 அன்று அடுப்பில் எது இருந்தாலும் அம்மா அணைக்க வேண்டாம், ஏழு மணிக்கு மணி அடிக்கும்.

வாட்சுக்கு ஸ்ட்ராப் மட்டும் விரிசல் விட்டிருக்கிறது. 18 மில்லிமீட்டர் தானே? நம் கடை அலமாரியில் பழைய பழுப்புத் தோல் ஸ்ட்ராப் இருந்தால் ஏப்ரலில் வரும் தம்பியிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பெரியவள்