காஞ்சனபுரி வரை என்னைக் கொண்டு சேர்த்தவர்களுக்கு

சுங்கை சிப்புட், பேராக்.

அன்புடையீர், வணக்கம்.

கடந்த மார்ச் மாதம் நான் மேற்கொண்ட சயாம் (தாய்லாந்து) பயணத்துக்கு உதவியவர்கள் சந்தையிலும் கோயிலிலும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "போன காரியம் நல்லபடி முடிந்ததா?" என்று கேட்கிறீர்கள். "முடிந்தது" என்று ஒரு சொல்லில் பதில் கூறிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். நின்று பேசினால் கண் கலங்கிவிடும் என்பதே அதற்குக் காரணம். உங்களுக்கு நான் தர வேண்டிய முழுப் பதிலையும் நன்றியையும் இந்த மடலில் எழுதுகிறேன்.

என் தாத்தா இவ்வூருக்கு அப்பாலுள்ள ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். ஜப்பானியர் ஆட்சியில், 1943ஆம் ஆண்டில் ஒரு நாள் காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் எண்ணும் இடத்தில்), சயாமில் மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று சொல்லி, சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட அழைத்துச் செல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அவர் திரும்பவில்லை; இறந்தார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. அதனால் பாட்டி தாலியைக் கழற்றவில்லை, குங்குமத்தை நிறுத்தவில்லை, கருமாதியும் நடக்கவில்லை. தோட்டக் குடியிருப்பான லயத்து வாசலில் மாலைதோறும் வந்து அமர்ந்திருந்த அந்த மனுஷி, நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், நெற்றியில் பொட்டுடனேயே கண்ணை மூடினார். ஒருமுறையாவது அந்த மண்ணில் எள்ளும் நீரும் இறைக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னோடு இருந்தது. சிங்கப்பூருக்கு ஒரே ஒரு முறை போய் வந்ததைத் தவிர வேறு நாட்டைப் பார்த்திராத நான், அறுபத்து மூன்று வயதில் தனியாகக் கிளம்பியதற்கு இதுவே காரணம்.

கடப்பிதழ் எடுக்க என்னோடு அரை நாள் வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு அக்காவுக்கும், ரயில் சீட்டுகளையும் தங்குமிடத்தையும் கைப்பேசியிலேயே பதிவு செய்து, ஒவ்வொன்றையும் பெரிய எழுத்தில் தாளிலும் எழுதித் தந்த என் பாலர்பள்ளி முன்னாள் மாணவிக்கும், என் முறை வருவதற்கு முன்பே கூட்டுப் பணத்தை (சீட்டுப் பணத்தை) எனக்கு விட்டுக்கொடுத்த தோழியருக்கும், திதிக்கு வேண்டியவற்றைப் பொட்டலம் கட்டித் தந்து, "ஐயர் இல்லாவிட்டாலும் பேரைச் சொல்லி இறைத்தால் போதும் அம்மா" என்று தைரியம் சொன்ன கோயில் குருக்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

நம் ஊர் நிலையத்தில் ஏறினால் ரயில் பாடாங் பெசார் வரை கொண்டுபோய் விடுகிறது. அங்கே ஒரே கட்டடத்துக்குள் இரு நாட்டுக் குடிநுழைவு முகப்புகளையும் கடந்து, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைத்தபோது எனக்குச் சிறிய மகிழ்ச்சி இருந்தது. சயாம் ரயிலில் ஏறி அமர்ந்த பிறகுதான் என் நிலைமை எனக்கு விளங்கியது. தமிழும் மலாயும் கொஞ்சம் ஆங்கிலமும் பேசி, கடைக்காரர் முதல் அரசு அதிகாரி வரை எவரிடமும் தடையின்றிப் பழகி வந்த நான், பெயர்ப்பலகையில் ஓர் எழுத்தைக்கூட வாசிக்க முடியாதவளானேன். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்த உணர்வு மிகவும் புதியது. தாத்தாவும் இந்தத் திசையில்தான் போயிருப்பார். கையில் சீட்டுமில்லாமல், எங்கே இறக்குவார்கள் என்பதும் தெரியாமல் சரக்குப் பெட்டியில் அடைபட்டுப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டே இரவெல்லாம் விழித்திருந்தேன்.

பேங்காக்கில் சீலோம் சாலை மாரியம்மனைத் தரிசித்துவிட்டு, மறுநாள் தோன்புரி நிலையத்திலிருந்து, அந்த ரயில் பாதை செல்லும் காஞ்சனபுரி போய்ச் சேர்ந்தேன். அங்குள்ள போர்க் கல்லறையில், பாதை வேலையில் இறந்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். புல் ஒரே அளவாக வெட்டப்பட்டிருக்கிறது; வரிசை வரிசையாக நிற்கும் நடுகற்களில் பெயர், வயது, படைப்பிரிவு என்று செதுக்கியிருக்கிறார்கள். இருபத்திரண்டு, இருபத்து நான்கு என்ற வயதுகளைப் படிக்கப் படிக்க என் நெஞ்சு கனத்தது. அவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தாமே. ஆனால் நான் தேடி வந்தவர் அங்கே இல்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ரயில் பாதையில் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள் என்பதற்குப் பதிவேடு இருக்கிறது. மலாயா, பர்மா, ஜாவாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளர்களில் 90,000 பேர் வரை மடிந்திருக்கலாம் என்பதோ மதிப்பீடு மட்டுமே. காலரா பரவிய முகாம்களில் பெயரை எழுதி வைக்க யாருக்கு நேரமிருந்தது? பக்கத்திலிருந்த அருங்காட்சியகத்தில் நெடுநேரம் நின்றுவிட்ட எனக்கு நாற்காலி போட்டு அமர வைத்து, வரைபடத்தில் தமிழர்கள் இருந்த முகாம்களைத் தொட்டுக் காட்டிய ஊழியரை நான் மறக்க மாட்டேன்.

ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்கள் வைக்கப்பட்டுள்ள வாட் தாவோர்ன் வராராம் கோயிலுக்கு அடுத்த நாள் காலையில் சென்றேன். நம் மக்களுக்காக அங்கே தமிழில் எழுதிய நடுகல் ஒன்றும் நிற்கிறது. சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டு, பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன். வயதான பிக்கு ஒருவர் அருகே வந்தார். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. எள்ளைக் காட்டினேன், கல்லைக் காட்டினேன், என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் உள்ளே போய் ஒரு சிறிய பித்தளைக் கெண்டியும் கிண்ணமும் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, நீரை மெல்ல ஊற்றும்படி சைகை செய்துவிட்டு ஓதத் தொடங்கினார். இறந்தோருக்குப் புண்ணியம் சேர நீர் வார்ப்பது அவர்கள் வழக்கமாம், பிறகு தெரிந்துகொண்டேன். அவர் பாலி மொழியில் ஓத, நான் தாத்தாவின் பெயரையும் பாட்டியின் பெயரையும் சொல்லி எள்ளும் நீரும் வார்த்தேன். கிண்ணத்தில் சேர்ந்த நீரை ஒரு மரத்தடியில் ஊற்றச் சொன்னார். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் குடும்பத்தில் நடக்காதிருந்த கடன் இப்படி நிறைவேறியது. அந்தப் பெரியவரின் பாதங்களுக்கு என் வணக்கம்.

அன்று பிற்பகலில் நடந்ததையும் எழுத வேண்டும். பாறையை ஒட்டி ஆற்றோரமாக மரத்தூண்கள் மேல் செல்லும், அதே பாதையின் தாம் கிராசே தடத்தைப் பார்க்க ரயிலேறிய நான், இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, அடுத்து வந்த வாங் போ நிலையத்தில் பதறி இறங்கினேன். கைப்பேசியில் மின்கலம் தீர்ந்திருந்தது. வெயிலில் தலை சுற்றியது. யாரிடமும் கை நீட்டக் கூடாது என்று என் அம்மா சொல்லி வளர்த்த பிள்ளை நான். தோட்டத்துப் பிள்ளைகள் பலரும் அப்படித்தான் வளர்ந்தோம். அந்த மானத்தை இன்றும் மதிக்கிறேன். ஆனால் அன்று அதைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தால் அந்த நடைமேடையிலேயே மயங்கி விழுந்திருப்பேன். எதிரே நூடல்ஸ் கடை வைத்திருந்த அம்மாவிடம் போய் இரு கைகளையும் கூப்பினேன். அவர் என்னை உட்கார வைத்து, ஈரத்துணியால் பிடரியைத் துடைத்து, ஐஸ் போட்ட நீரையும் சூடான சூப்பையும் அடுத்தடுத்துத் தந்தார். என் கைப்பேசியை மின்னேற்றினார். மாலை ரயில் வரும்வரை வேறு வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொண்டே அவ்வப்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பணம் கொடுத்தபோது சூப்புக்கு மட்டும் எடுத்துக்கொண்டார். என்னை அவர் என்னவென்று நினைத்தார், எந்த நாட்டவள் என்று எண்ணினார் என்பது தெரியவில்லை. அதையெல்லாம் கேட்காமலேயே அவர் உதவினார். கேட்டுப் பெறுவதிலும் ஒரு மரியாதை இருக்கிறது என்பதை அந்தக் கடை நாற்காலியில் அமர்ந்துதான் நான் கற்றேன்.

அங்கே அமர்ந்திருந்தபோது என் நினைவுக்கு வந்த ஒருவருக்குச் சொல்ல வேண்டிய நன்றி மிச்சமிருக்கிறது. நான் புறப்பட்ட விடியற்காலையில், செம்பனைத் தோட்டத்து லாரிக்காகக் காத்திருந்த வங்காளதேச இளைஞர் ஒருவர், என் கனமான பையை வாங்கி நிலையத்துப் படிகளில் ஏற்றி, நடைமேடை வரை சுமந்து வந்து வைத்தார். கொடுத்த ஐந்து வெள்ளியை வாங்க மறுத்துவிட்டு லாரியைப் பிடிக்க ஓடினார். இரண்டு ஆண்டுகளாக மளிகைக் கடையில் அவரைப் பார்த்திருக்கிறேன். ஊரார் சொல்வதுபோல "பங்களா" என்றுதான் நானும் குறிப்பிட்டு வந்தேன். என் தாத்தாவின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லையே என்று அழுத நான், இந்தப் பிள்ளையின் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை.

ஊர் திரும்பிய வாரமே கடையில் அவரைக் கண்டு பெயரைக் கேட்டேன். பெயரையும், தாயை விட்டு வந்து நான்கு ஆண்டுகள் ஆனதையும் சொன்னார். வேலைத் தாள்களில் கையெழுத்திடும்போது எழுதியிருப்பது புரிவதில்லை என்றார். இப்போது ஞாயிறு மாலைகளில் அவரும் நண்பர்கள் இருவரும் என் வீட்டு வாசலில் அமர்ந்து என்னிடம் மலாய் வாசிக்கப் பழகுகிறார்கள். தம்பிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆகையால் வரும் ஞாயிறன்று இந்த மடலை, அவருடைய பகுதி வரும்வரை நிறுத்தாமல், மலாயில் அவருக்குச் சொல்லிக் காட்டுவேன்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற பாலர்பள்ளி ஆசிரியை